நடுவது ஒரு துறை, பறிப்பது ஒரு துறை

பாம்பனுக்குத் தெற்கே, குருசடைத் தீவை ஒட்டிய ஆழமில்லாத கடலில் பவளப் பாறைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் பச்சையும் பழுப்புமாக, விரல் பருமனில் ஒரு பாசி கிளைவிட்டுப் படர்ந்திருப்பதை முங்கிப் பார்க்கிறவர்கள் காணலாம். பிடித்து இழுத்தால் வழுக்கும், வளையும், பிறகு பட்டென்று முறியும். மேல்துண்டு கையோடு வந்துவிடும். பாறை இடுக்கில் பற்றிய அடிப்பகுதி அங்கேயே நிற்கும். கை தவறிய துணுக்கு நீரோட்டத்தோடு போய் இன்னொரு பாறையில் சிக்கும். முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் துளிர்ப்பதுபோல எல்லாமே மறுபடி வளரும். அடியில் அகப்பட்ட பவள உயிரி வெளிச்சம் கிடைக்காமல் செத்துப்போகும்.

கப்பாபைகஸ் என்பது இதன் அறிவியல் பெயர். ராமநாதபுரம் கரையில் ‘பெப்சி பாசி’ என்றால்தான் தெரியும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்கள் இதன் பூர்வீகம். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1984-ல் ஜப்பானிலிருந்து தருவித்து, முதலில் குஜராத்தில் வளர்த்துப் பார்த்தது. 90-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000-த்தை ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் சாகுபடியைத் தொடங்கியது. இதிலிருந்து எடுக்கும் காரஜீனன் ஐஸ்கிரீம், பற்பசை என்று பலவற்றில் சேர்கிறது. உலகச் சந்தையில் நல்ல கிராக்கி.

வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தீவுகளைச் சுற்றி முங்கி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, கெடுபிடி கூடக்கூட அந்தத் தொழில் ஒடுங்கியது. அந்த நேரத்தில் வந்தது மிதவைச் சாகுபடி. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் சட்டம், அதில் வரிசையாகக் கயிறு, கயிற்றில் முடிச்சுப்போட்ட விதைப்பாசி. 45 நாளில் நான்கு மடங்காகப் பெருகும். சுய உதவிக் குழுவின் பெயரில் கடன் கிடைத்தது, மானியம் கிடைத்தது. பாசியைக் கொண்டுவந்த முடிவைக் கேள்வி கேட்கலாம். இதை நம்பிக் கடலில் இறங்கிய பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசு ஆபத்தை அறியாமல் இல்லை. 2005 டிசம்பரில் வந்த அரசாணை, இந்த அயல் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும்தான் வளர்க்கலாம் என்று வரம்பு கட்டியது. பவளத் தீவுகள் இருக்கும் கடலை விட்டு விலக்கிவைப்பதுதான் நோக்கம். ஆனால் 2008-ல், குருசடையின் பவளங்கள் மேல் இந்தப் பாசி பரவியிருப்பதாக மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் சிங்கிள், பூமரிச்சான் தீவுகளிலும் கண்டார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் கால்வாய் வழியாக, வடகடலான பாக் விரிகுடாவின் நீர், தீவுகள் இருக்கும் தென்கடலுக்குள் இறங்குகிறது. மிதவையிலிருந்து அறுந்த துண்டுக்கு அந்த ஓட்டம் போதும்.

சாகுபடியை ஆதரிக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. நம் கடலில் இதன் வித்துகள் முளைத்துப் பெருகுவதில்லை, ஆகவே பரவல் சிறு பரப்போடு நின்றுவிடும் என்பார்கள். 2010, 2016 வெப்ப அலைகளில் வெளுத்து நொந்த பவளத்துக்கு அந்தச் சிறு பரப்பே பெரிய அடி என்பது என் எண்ணம். துண்டிலிருந்தே தழைக்கிற செடிக்கு வித்து எதற்கு?

இப்போது நடப்பது இதுதான். மீன்வளத்துறை மிதவைக்கு மானியம் தருகிறது. வனத்துறை ஆட்களை இறக்கித் தீவுப் பாறைகளில் பாசியைக் கையால் பறிக்கிறது. ஆராய்ச்சி நிறுவனம் விதை தருகிறது. அதன் தலைமை குஜராத்தின் பாவ்நகரில். குழுக்கடன் வேறொரு துறையின் கணக்கு. ஒரு துண்டு பாறையில் ஒட்டினால் அது யார் பொறுப்பு, பறிக்கும் கூலியை யார் தருவது என்பதை இந்த நால்வரும் சேர்ந்து முடிவுசெய்ய ஏற்பாடு வேண்டும்.

இதே பாசியோடு ஹவாய்த் தீவுகள் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். 1974-ல் அங்குள்ள கானியோஹே விரிகுடாவில் ஆராய்ச்சிக்காக இறக்கினார்கள். பண்ணை நின்றுபோனது, பாசி நிற்கவில்லை. பவளத் திட்டுகளை மூடியது. 2003-ல் ஹவாய் மாநிலம் ஊடுருவும் உயிரினங்களுக்கென்று சட்டப்படி ஒரு கவுன்சில் அமைத்தது. வேளாண்மை, நிலவளம், சுகாதாரம், போக்குவரத்துத் துறைகளின் தலைவர்களும் பல்கலைக்கழகமும் அதில் உறுப்பினர்கள். விரிகுடாவில் ‘சூப்பர் சக்கர்’ என்ற உறிஞ்சு படகு வந்தது. முக்குளிப்பவர்கள் பாசியைப் பெயர்த்துக் குழாய் வாயில் ஊட்ட, அது படகுக்கு ஏறும். மேலே நிற்பவர்கள் நாட்டு உயிர்களைப் பொறுக்கித் திரும்பக் கடலில் விடுவார்கள். பாசி விவசாயிகளுக்கு உரமாகப் போனது. இடுக்கில் மிஞ்சியதைத் தின்ன, உள்ளூர்க் கடல்முள்ளெலிகளை அரசுப் பொரிப்பகத்திலேயே வளர்த்துப் பாறைகளில் விட்டார்கள். உறிஞ்சுவதும் மேய்வதும் அடுத்தடுத்து நடந்ததால்தான் அந்தத் திட்டுகள் தெளிந்தன.

நமக்கும் இன்று கருவிகள் உண்டு. 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவும் அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் பெருக்கத்தையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே ஆண்டு மாண்ட்ரியாலில் இந்தியா உட்பட உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர் இலக்குகளில் ஆறாவது, இவற்றை ஒழிக்கும் பணியில் தீவுகளுக்கு முன்னுரிமை கேட்கிறது. அதே மத்திய அரசுதான் 2025-க்குள் 11.2 லட்சம் டன் கடல்பாசி என்று இலக்கு வைத்தது. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியது.

பூங்கா வரட்டும். ஆனால் அங்கே உருவாகும் விதையில் கஞ்சிப்பாசிக்கும் மரிக்கொழுந்துக்கும் முதலிடம் வேண்டும். விலை குறைவுதான், அந்த வித்தியாசத்தை மானியத்தால் ஈடுகட்டலாம். 2013 வாக்கில் கடல் சூடேறி பெப்சி பாசி கொத்துக்கொத்தாக மடிந்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட கஷ்டத்தை இந்தக் கரை பார்த்திருக்கிறது. கப்பாபைகஸ் நடும் இடங்களில் மிதவையைச் சுற்றி வலை கட்டாயமாக்கி, வலை கிழிந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரே அலுவலகத்தைக் கைகாட்ட வேண்டும்.

ஆட்சியர் தலைமையில் வனத்துறை, மீன்வளத்துறை, மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்கள், பாசிப் பெண்களின் சங்கங்கள் எல்லாம் உட்காரும் ஒரு குழு வேண்டும். சாகுபடியை நிறுத்தவும் அதற்கு அதிகாரம் இருக்க வேண்டும். வாடை ஓய்ந்ததும், மாசி பங்குனியில், குருசடையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாறையையும் பார்த்துவர ஆள் தேவை. கஞ்சிப்பாசிக்கும் பெப்சி பாசிக்கும் தொட்ட மாத்திரத்தில் வித்தியாசம் சொல்லும் பெண்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கே அனுமதிச் சீட்டும் நாள்கூலியும் கொடுத்து இறக்கலாம். அந்தக் கூலி, கடல்பாசிப் பூங்காவின் திட்டச் செலவிலிருந்தே வரவேண்டும்.