பல் சந்தில் ஒளியும் சொத்தை

'எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை' என்று பல் மருத்துவர் சொன்னதும் நிம்மதியாக எழுந்து வந்துவிடுகிறோம். அந்த நிம்மதியை எவ்வளவு நம்பலாம் என்பது படம் எடுத்த கோணத்தைப் பொறுத்தது.

கண்ணுக்கு எட்டாத இடம்

கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பில் வரும் சொத்தையைப் பெரும்பாலும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுத்தடுத்த இரு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தை ஒட்டி, ஈறுப் பக்கமாகத் தொடங்கும் சொத்தைதான் ஏய்த்துவிடும். அதைப் பிடிக்கவே அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோவர்ட் ரேப்பர் 1925இல் 'பைட்விங்' முறையைக் கொண்டுவந்தார். ஃபிலிமோடு ஒட்டிய சிறு பட்டையைக் கடித்துக்கொண்டால் மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்களின் தலைப்பகுதிகள் ஒரே படத்தில் விழும். இன்று பல கிளினிக்குகளில் ஃபிலிம் போய் 'ஆர்விஜி' எனும் டிஜிட்டல் சென்சார் வந்துவிட்டது, முறை அதேதான்.

கோணம் பிசகினால்

எக்ஸ்ரே ஒரு நிழல்தான். கதிர் இரு பற்களுக்கு நடுவிலுள்ள சந்து வழியே நேராகப் புக வேண்டும். குழாய் பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு பல்லின் நிழல் அடுத்த பல்லின் மேல் ஏறிவிடும். இரண்டு எனாமலும் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும் அந்த இடத்தில்தான் தொடக்கநிலைச் சொத்தையின் சின்னக் கருமை இருந்திருக்கும். தாது உப்பு ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகே சொத்தை எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்குகிறது. ஏற்கெனவே மங்கலான தடயத்தை மறைக்கப் பெரிய பிழை எதுவும் தேவையில்லை.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. நிழல்கள் ஏறிக் கிடந்தால், எனாமலோடு நிற்கும் சொத்தை, அதற்கு அடியிலுள்ள டென்டினை எட்டிவிட்டதுபோலத் தோன்றலாம். குடைய வேண்டாத பல்லைக் குடைய நேரும். பல்லின் கழுத்துப் பகுதியில் கதிர் எளிதாக ஊடுருவுவதால் விழும் கருமையும் சொத்தைபோலவே இருக்கும். கோணத்தை மாற்றி எடுத்தால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். சந்தேகம் வந்தால் மறுபடம் கேட்கும் மருத்துவரைக் காசு பறிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

ஓபிஜி போதாதா?

ஞானப்பல்லையும் தாடை எலும்பையும் பார்க்க, முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி நல்லது. ஆனால் முன்கடைவாய்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிவது அதில் சகஜம். சந்துச் சொத்தைக்கு பைட்விங்தான் ஏற்றது.

நீங்கள் செய்யக்கூடியது

படம் எடுத்து முடியும்வரை கடியைத் தளர்த்தாதீர்கள். தளர்ந்தால் சென்சார் நழுவிவிடும். குமட்டினால் மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மற்றபடி ஒரு பைட்விங் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையில் நாம் ஒரு நாளில் பெறுவதைவிடப் பொதுவாகக் குறைவுதான். பற்கள் நெருக்கியடித்தோ கோணலாகவோ இருப்பவர்களுக்கு ஒரே கோணத்தில் எல்லாச் சந்துகளும் திறக்காது. இரண்டாவது படம் தேவைப்படலாம்.

திரையில் படம் வந்ததும் நீங்களும் பாருங்கள். பற்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? ஏதாவது ஓரிடத்தில் பற்கள் ஒட்டிக்கொண்டு தெரிந்தால், அங்கே சொத்தை இல்லையென்று எப்படி உறுதி செய்தார்கள் என்று கேளுங்கள்.