திருச்சி - சிங்கப்பூர்: பறப்பது 4 மணி நேரம், டிக்கெட்டில் ஆறரை மணி நேரம்... ஏன்?

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஃபிளைட் எத்தனை மணி நேரம்? வீட்டை விட்டு எப்போ கிளம்பணும்?" டிக்கெட்டைப் பார்த்தாலும் குழப்பம்தான் மிஞ்சும். அந்தக் கணக்கு இதோ.

எந்த விமான நிலையம்?

பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில் ஓடுதளம் உண்டு, ஆனா சிங்கப்பூர் விமானம் கிடையாது. புதுச்சேரியில் உள்நாட்டு விமானங்கள்தான். மீதி இருப்பது திருச்சியும் சென்னையும். பெண்ணாடத்தில் இருந்து ரயில் பாதையில் சென்னை எழும்பூர் சுமார் 230 கி.மீ.; திருச்சி 100 கி.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் பலரும் திருச்சியைத் தேர்வு செய்கிறார்கள்.

வான்வழி தூரம் எவ்வளவு?

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 3,000 கி.மீ. சென்னையில் இருந்தும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஓடுதளத்தில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து 4 முதல் நாலேகால் மணி நேரம் ஆகும். காற்றும் இதை மாற்றும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், காற்று கிழக்கில் இருந்து மேற்காக வீசும். அப்போது ஊர் திரும்பும் விமானத்துக்கு அது கைகொடுக்கும்.

டிக்கெட்டில் ஏன் வேற நேரம்?

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

உதாரணமாக, திருச்சியில் அதிகாலை 1.30-க்குக் கிளம்பி 4 மணி 10 நிமிடம் பறந்தால், நம்ம நேரப்படி 5.40-க்கு இறங்கும். அப்போது சிங்கப்பூரில் மணி 8.10. டிக்கெட்டைப் பார்த்தால் 6 மணி 40 நிமிடப் பயணம் மாதிரி தெரியும்.

திரும்பும்போது தலைகீழ். அங்கே இரவு 9 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தாலும், திருச்சியில் அதே இரவு 10.45-க்கு வந்துடும். அழைக்க வருபவர்கள் 10.45-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அது நம்ம ஊர் நேரம்தான், கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

தேதியில் கவனம்!

பலர் தவறுவது இங்கேதான். டிக்கெட்டில் "சனிக்கிழமை 01.30" என்று இருந்தால், அது வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி வரும் நேரம். சனிக்கிழமை ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

கணக்கு இப்படி:

* விமானம்: சனி அதிகாலை 1.30
* விமான நிலையத்தில் இருக்க வேண்டியது (3 மணி நேரம் முன்பு): வெள்ளி இரவு 10.30
* பெண்ணாடத்தில் இருந்து காரில் கிளம்ப வேண்டியது: வெள்ளி இரவு 7 மணி

சாலையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். ரயிலில் போனால், தாமதத்தையும் திருச்சி ஜங்ஷனில் இருந்து விமான நிலையம் போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, வீட்டு வாசலில் இருந்து சிங்கப்பூரில் தரையிறங்க கிட்டத்தட்ட பத்தே முக்கால் மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது நாலு மணி நேரம் சொச்சம்தான்.