தொண்ணூற்றொன்பது என்னும் எண்: சுல்தான் அப்துல் சமாடும் காலனித்துவச் சித்திரமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றால், முதலில் ஏறுவது பெரும்பாலும் புக்கிட் மெலாவத்திக் குன்றில்தான். அவ்வாறு ஏறி இறங்கிய தோட்டப்புறப் பிள்ளைகள் சிலரிடம், "மேலே என்ன பார்த்தீர்கள்?" என்று நாம் ஒருமுறை வினவினோம். பாதிப் பேர் "குரங்கு" என்றனர். மீதிப் பேர் "தலை வெட்டுற கல்லு, சார்" என்றனர். அரசர் ஒருவரின் பெயரும் அவர்கள் வாயில் வரவில்லை. பிள்ளைகளைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. தண்டனை நிறைவேற்றப்பட்ட இடமென்று அங்கே காட்டப்படும் 'பத்து ஹம்பார்' என்னும் கல் மனத்தில் பதிவதுபோல் வேறெதுவும் பதிவதில்லை.

சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அக்குன்றில்தான் அடக்கமாகியுள்ளனர். 1784-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றிக் கோட்டைக்கு அல்திங்ஸ்பர்க் எனப் பெயரிட்டதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங் துணையோடு அதனை மீட்டதும் இவ்வட்டாரத்தார் அறிந்த செய்திகள். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அந்த இப்ராகிமின் பேரரும் நான்காம் சுல்தானுமாகிய அப்துல் சமாடை. 1857 முதல் 1898 வரை நாற்பத்தோர் ஆண்டுகள் அரியணையில் இருந்தவர் அவர். அத்தனை நீண்ட ஆட்சியைப் பற்றி ஆங்கில நூல்கள் நமக்கு விட்டுச்சென்ற சித்திரமோ மிகச் சிறியது: அபினி உண்ணும் முதியவர், சோம்பர், கருமி, தம் கையாலேயே தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவர்.

இச்சித்திரத்தை வரைந்தவர்கள் யாவர்? 1874-இல் சுல்தானின் இருப்பிடமான லங்காட்டுக்கு அனுப்பப்பட்ட பிராங்க் சுவெட்டன்ஹாம் ஒருவர். பிற்காலத்தில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகவே அமர்ந்தவர். 1879 பிப்ரவரியில் ரெசிடெண்டின் விருந்தினராக வந்த இசபெல்லா பேர்ட் மற்றொருவர். அவர் ஏறிவந்த அரசு நீராவிப் படகுக்கே சுல்தானின் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது. மூன்றாமவர் லங்காட்டில் பணியாற்றிய அதிகாரியின் துணைவியார் எமிலி இன்னஸ். பேர்ட் பொன்முலாம் பூசி எழுதிவிட்டார் என்று சினந்து, முலாமைச் சுரண்டிக் காட்டவே 1885-இல் தனி நூல் வெளியிட்டவர் அவர். சுல்தான் சரோங் மட்டும் உடுத்திக் கம்பத்தில் எளிய முதியவராக உலவியதை அவர் எள்ளலோடு விவரிக்கிறார். நம் தோட்டத்துப் பெரியவர்கள் மாலைப் பொழுதில் கைலியோடு வாசலில் அமர்ந்திருந்ததைக் கண்டு வளர்ந்த நமக்கு, இதில் எள்ளுவதற்கு என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. வெப்ப நாட்டில், தம் வீட்டில், தம் மக்களிடையே ஓர் அரசர் வேறெப்படி இருப்பார்?

தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணைப் பதிந்தவர் சுவெட்டன்ஹாம். அப்படி ஒரு பேச்சு இருந்தது என்றும், சுல்தான் அதனை மறுக்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். மொழியியல் கற்ற நம் கண் இங்கே நின்றுவிடுகிறது. நூற்றுக்கு ஒன்று குறைவான எண் எண்ணிப் பார்த்ததன் விளைவா, சொல் மரபின் விளைவா? போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கே பரணி பாடுதல் வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. கலிங்கத்தில் யானைப் பிணங்களை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். எண்ண வேண்டுமென்று தமிழறிஞர் எவரும் கருதியதுமில்லை. அந்த ஆயிரம் ஒரு புகழ்ச்சொல். சுல்தானின் தொண்ணூற்றொன்பதும் அத்தகையதே என்பது நம் துணிபு. தம் வீரத்தைப் பற்றி அவையில் வழங்கும் புகழை எந்த அரசர்தாம் எழுந்து மறுப்பார்? மலாய்மொழியில் புகழாக நின்றது ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. சுவெட்டன்ஹாம் மலாய்மொழியை நன்கறிந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொலைக் கணக்கால் அரசரை வரையும் இவ்வழக்கம் சிலாங்கூருக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் சூலு அரசர் ஷாக்கா 1828-இல் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி நூல் எழுதிய நத்தானியல் ஐசக்ஸ் என்னும் வணிகர், அதே பொருளில் எழுதவிருந்த தம் நண்பர் ஹென்றி பின்னுக்கு 1832-இல் விடுத்த கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. சூலு அரசர்களை இயன்ற அளவு இரத்தவெறியராகக் காட்டுமாறும், அவர்கள் கொன்றோரின் தொகையை மதிப்பிட்டு எழுதுமாறும் அதில் அவர் அறிவுறுத்துகிறார். நூல் பருக்கவும் விற்கவும் அது உதவுமாம். ஐசக்ஸின் நூல் 1836-இல் வெளிவந்தபோது அதில் இடம்பெற்ற ஷாக்காவின் உருவப்படமே இன்றுவரை பாடநூல்களில் வலம் வருகிறது. குத்துவதற்குரிய குட்டை ஈட்டியைப் புகுத்தியவர் என்று மரபு போற்றும் அரசரின் கையில் அப்படம் நீண்ட எறி ஈட்டியைக் கொடுத்திருக்கிறது.

ஷாக்காவின் உடன்பிறந்தார் மகனாகிய செட்ஷ்வாயோவின் கதை இன்னும் தெளிவு தருவது. பேர்ட் லங்காட்டுக்கு வருவதற்குச் சில நாள் முன்னர்தான், 1879 ஜனவரி 22-இல், இசாண்டில்வானாவில் அவருடைய படை பிரித்தானியப் படையைத் தோற்கடித்தது. ஆங்கில இதழ்கள் அவரை அரக்கராக வரைந்தன. அவ்வாண்டே அவர் சிறைப்பட்டார். 1882-இல் இலண்டனுக்கு வந்து விக்டோரியா அரசியாரைக் கண்டபோதோ, ஐரோப்பிய உடையணிந்த கண்ணியவானாக நிழற்படக் கூடத்தில் அமர்ந்தார். அரசியாருக்காக அவர் உருவம் ஓவியமாகவும் தீட்டப்பட்டது. மனிதர் அவரேதான். அவரிடமிருந்து அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்றானதும் படம் மாறிவிட்டது.

அப்துல் சமாட் ஆங்கிலேயரை எதிர்த்துப் படை நடத்தியவரல்லர். ஆதலின் அவருக்குக் கிடைத்த முதன்மையான அடைமொழி 'சோம்பல்' ஆயிற்று. அவருடைய ஆட்சியின் நடப்பை அருகில் வைத்து இச்சொல்லைச் சோதித்துப் பார்ப்போம். அக்காலச் சிலாங்கூரில் ஆற்றுக்கோர் அதிபதி இருந்தார். ஈய வரி அவரவர் ஆற்றுவாயிலேயே தங்கிவிடும். 1867-இல் ராஜா மஹாடியும் ராஜா அப்துல்லாவும் கிள்ளானுக்காகப் பொருதத் தொடங்கினர். சுல்தான் தம் மருமகனாகிய கெடா இளவரசர் தெங்கு கூடினைத் துணையரசராக்கி முன்னே நிறுத்தினார். போர் கோலசிலாங்கூருக்கும் பரவி, 1871-இல் பிரித்தானியப் போர்க்கப்பல் 'ரினால்டோ' புக்கிட் மெலாவத்தியின் மீது குண்டு பொழிந்தது. சுல்தான் லங்காட்டிலேயே இருந்தார். 1873-இல் போர் ஓய்ந்தது. மறு ஆண்டு ஆங்கிலேய ஆலோசகரை ஏற்றுக்கொண்டார்.

முடிவு என்ன? மஹாடி நாடிழந்து சிங்கப்பூரில் இறந்தார். கூடின் 1878-இல் சிலாங்கூரைவிட்டே நீங்கினார். அண்டை நாடாகிய பேராவில், 1875-இல் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதன் பின்விளைவாகச் சுல்தான் அப்துல்லா சீசெல்சு தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். அப்துல் சமாட் இறக்கும்வரை அரியணையில் இருந்தார். அவர் விலை கொடுக்கவில்லை என்று நாம் கூறவில்லை. வரியும் ஆட்சியும் மெல்ல மெல்லக் கைமாறின. அதற்கு ஒப்பியவரும் அவரே. ஆயினும், அசையாதிருப்பதைத் தம் கருவியாகக் கொண்ட ஒருவரை அசையத் தெரியாதவர் என்று எழுதியது பிழையான மொழிபெயர்ப்பு.

இதனை நாம் தோட்டப்புற ஆசிரியர்களிடம் இவ்வளவு விரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சுல்தானைச் சோம்பர் என்றெழுதிய அதே காலனித்துவ மொழி, அவர் குடிகளாகிய மலாய்க்காரரையும் சோம்பர் என்றது. நம் முன்னோரைப் 'பணிவானவர், மலிவானவர்' என்றது. இவ்வடைமொழிகள் யாருடைய இலாபத்துக்குப் பயன்பட்டன என்பதை சையத் ஹுசைன் அலாதாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வேலைக்குரிய ஊதியத்தைக் குறித்த 'கூலி' என்னும் நம் சொல், ஆங்கிலேயர் வாயில் வேலை செய்யும் மனிதருக்கே பெயரானதையும் நாம் அறிவோம். சுல்தானின் சித்திரத்தை ஐயுறாது ஏற்கும் மாணவர், தம் பாட்டனாரின் சித்திரத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வார்.

1874-ஆம் ஆண்டினதாக வழங்கும் நிழற்படம் ஒன்றில் சுல்தான் தம் பரிவாரத்தோடு காணப்படுகிறார். அதனை வகுப்பில் காட்டி, எந்த நூலையும் படிக்குமுன் தம் கண்ணால் காண்பதை மட்டும் மாணவர்களை எழுதச் சொல்லலாம். பிறகு ஆங்கில வருணனைகளைப் படித்துக் காட்டி, படத்தில் இல்லாத சொற்கள் எவை என்று அவர்களே அடிக்கோடிடட்டும். அப்பயிற்சிக்கு ஒரு பாடவேளை போதும்.

கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே, செம்புக் குவிமாடங்களோடு நிற்கும் மாளிகையும் இவர் பெயர் தாங்கியதே. பிள்ளைகள் அதனை அரண்மனை என்றே எண்ணுகின்றனர். 1897-இல் கட்டி முடிக்கப்பட்டபோது அது ஆங்கிலேயரின் அரசு அலுவலகம்; 1974-இல்தான் சுல்தானின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் வாழ்ந்ததும் அடங்கியதும் லங்காட் ஆற்றங்கரையிலுள்ள ஜுக்ராவில்.