கரோலில் இருந்து ஏம்ஸ் வரை: சைக்கிளில் 83 மைல்

அயோவா மாநிலம் என்றால் நம்மில் பலருக்கு "அங்கே சோளம்தானே இருக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான். நானும் மனைவியும் அமெரிக்கா வந்து 11 வருடம் ஆகிறது. ஆபீஸ், கோவில், காஸ்ட்கோ, ஏர்போர்ட் என்று எங்கள் அமெரிக்கா அதற்குள்ளேயே சுற்றும். சின்ன ஊர்களை ஹைவே பலகைகளில் பெயராக மட்டும் பார்த்திருக்கிறோம். அயோவாவைச் சைக்கிளில் கடக்கப் போகிறோம் என்றதும் எடிசன் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்தப் பக்கம் நம்ம ஆளுங்களே இருக்க மாட்டாங்க, பயமா இல்லையா?"

கொஞ்சம் பயம் இருந்தது. அதுவும் போவதற்கு ஒரு காரணம்.

இந்தப் பயணத்தின் பெயர் ராக்பிராய். 1973-ல் டி மாயின் ரெஜிஸ்டர் செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்த ஜான் கராஸ், டொனால்ட் கௌல் இருவரும் மாநிலத்தைச் சைக்கிளில் கடந்து அதைப் பற்றி எழுதலாம் என்று கிளம்பினார்கள். வாசகர்களையும் கூப்பிட்டார்கள். க்ளாரன்ஸ் பிக்கார்ட் என்ற 83 வயதுப் பெரியவர் ஒரு லேடீஸ் சைக்கிளில் வந்து கடைசி வரை ஓட்டி முடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், பெரும்பாலும் ஜூலை கடைசியில் ஒரு வாரம், மேற்கிலிருந்து கிழக்காக இந்தப் பயணம் நடக்கிறது. மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துக் கிளம்பி, மிசிசிப்பியில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பார்கள். கொரோனா வருடமான 2020-ல் மட்டும் இல்லை. நாங்கள் போனது 2023-ல் நடந்த 50-ஆவது பயணம்.

நான் சொல்லப் போவது அதன் மூன்றாம் நாளை. கரோல் என்ற ஊரிலிருந்து ஏம்ஸ் வரை 83 மைல். எங்கள் பையனைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா காலையில் போன் செய்தார்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம்டா?"

"மதுரையில இருந்து திருச்சி வரைக்கும்னு வச்சுக்கோங்கம்மா."

"பஸ்ஸே இல்லையா அந்த ஊர்ல?"

கூடாரத்தை மடித்து, பைகளை லாரியில் ஏற்றிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். எங்கள் குழுவில் எட்டுப் பேர். மூத்தவர் 68 வயது ரிட்டயர்ட் டீச்சர். முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய வரை சைக்கிள்கள்.

கூட்டமாக ஓட்டும்போது முதலில் கற்றுக்கொள்வது கத்துவதுதான். பின்னால் வண்டி வந்தால் "கார் பேக்!", எதிரே வந்தால் "கார் அப்!". ஸ்டாப் சைனுக்கு முன்னால் ரோட்டில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் வந்தால் "ரம்பிள்ஸ்!". ஓரம் கட்டுகிறவர் "ரைடர் ஆஃப்!" என்பார். கேட்டவர் பின்னால் இருப்பவருக்குக் கத்த வேண்டும். நீங்கள் பார்க்காத பள்ளத்தை முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்காகப் பார்த்துச் சொல்கிறார். முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் தொண்டை கட்டியிருந்தது.

பத்து மணிக்கு மேல் புழுக்கம். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மக்காச்சோளம். ஒரு ஏக்கர் பயிர் ஒரு நாளைக்கு 3,000 முதல் 4,000 காலன் தண்ணீரை ஆவியாக வெளியே விடுமாம். அதன் நடுவே ஓட்டுவது இட்லிக் கொப்பரைக்குள் ஓட்டுவது மாதிரி.

சில நூறு பேர் மட்டுமே வாழும் ஓர் ஊரில் நிறுத்தினோம். சர்ச் வாசலில் மேசை போட்டு, வயதான பெண்மணிகள் ருபார்ப் பை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊரில் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகிறார்கள். தீயணைப்புப் படையில் சம்பளக்காரர் யாரும் இல்லை, எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். இந்த ஒருநாள் விற்பனையில் அவர்களுக்குப் புதுக் குழாய்கள் வாங்க வேண்டுமாம்.

"எங்கேருந்து வர்றீங்க?" என்றார் பை வெட்டிக்கொண்டிருந்த அம்மா. நியூ ஜெர்சி என்றேன். "அதுக்கு முன்னாடி?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நம் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. உடம்பு கொஞ்சம் இறுகியது. மதுரை, தென்னிந்தியா என்றேன்.

"அங்கே என்ன விளையும்?"

நெல், வாழை, மல்லிகைப் பூ என்றேன். மழை எந்த மாதம், நெல்லுக்கு எத்தனை நாள், கிணறா வாய்க்காலா என்று வரிசையாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்த மனைவிதான் சொன்னாள். கிளம்பும்போது அவளுக்கு மட்டும் இன்னொரு துண்டு பை கிடைத்தது.

58-ஆவது மைலில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. ஏறிடலாமா என்றேன். முறைத்தாள். டீச்சர் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர். "வண்டி எப்பவும் வரும்மா. முதல்ல இதைக் குடி."

கொஞ்ச நேரத்தில் பிடிப்பு விட்டது. உப்பு ரத்தத்தில் சேரும் முன்பே இது வேலை செய்கிறது, அந்தப் புளிப்பு தொண்டை நரம்பைத் தூண்டுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அடுத்த 25 மைலுக்கு அவளை வரிசையின் நடுவில் வைத்துக்கொண்டோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால், ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்குகூட மிச்சமாகும். முன்னால் இருப்பவர் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்குப் போவார். அடுத்தவர் முன்னுக்கு வருவார். மனைவியின் முறை வந்தபோதெல்லாம் டீச்சர் பேசாமல் அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டார். அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாலை நாலரைக்கு ஏம்ஸ். என் தொழிலுக்கு இது ஒரு கோவில் ஊர். இங்கே அயோவா மாநிலக் கல்லூரியில்தான் 1930-களின் கடைசியில் அட்டனசாஃப், பெரி இருவரும் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். அடிப்படை யோசனை அட்டனசாஃபுக்கு ஒரு குளிர்கால இரவில் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போனபோது கிடைத்ததாம். எனக்குக் கிடைத்தது கால்வலியும் நல்ல தூக்கமும்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: அந்தந்த வருடத்தின் பாதையை ஜனவரி வாக்கில் அறிவிப்பார்கள். முழு வாரமும் ஓட்ட வேண்டியதில்லை, ஒரு நாள் மட்டும் சேரலாம். வசந்தகாலத்திலிருந்தே வார இறுதிகளில் 30, 40, 50 மைல் என்று பழகிக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்குப் பை, வேகவைத்த சோளம், பான்கேக், வாழைப்பழம் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் ஊரில் என்ன விளையும் என்பதை மட்டும் போவதற்கு முன் அப்பா அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.