உழைப்போர் மனநிறைவு

நுழையும்முன்

நிறுவனங்கள் பண்டிகை நாளில் ஊழியர்க்கு இனிப்பு வழங்குகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விழாவும் எடுக்கின்றன. இவற்றால் மட்டும் ஊழியரின் உள்ளம் நிறைவு பெறுமா? பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலகங்களைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தையல் வரிசை

பெங்களூரு என்றவுடன் கணினி நிறுவனங்களே பலர் நினைவுக்கு வரும். அந்நகரின் மற்றொரு பெருந்தொழில் ஆயத்த ஆடைத் தொழில். பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூரு சாலை முதலிய பகுதிகளில் உள்ள தொழிலகங்களில் லட்சக்கணக்கானோர் உழைக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அங்கு ஒருவரே ஒரு சட்டையை முழுமையாகத் தைப்பதில்லை. ஒருவர் காலரைத் தைப்பார். அடுத்தவர் கைப்பகுதியை இணைப்பார். வேறொருவர் பொத்தான் துளை இடுவார். ஒரு மணி நேரத்திற்கு இத்தனை உருப்படிகள் என இலக்கு உண்டு. வரிசையில் ஒருவர் பின்தங்கினால் அவருக்கு முன் வேலை குவியும். அடுத்திருப்பவர் வேலையின்றிக் காத்திருப்பார். எனவே, ஒருவரது உடற்சோர்வும் மனச்சோர்வும் அவரோடு நின்றுவிடுவதில்லை; வரிசை முழுவதையும் பாதிக்கின்றன.

வெப்பம் தணிந்தது, வேலை உயர்ந்தது

தையல் தளத்தில் நுண்ணிய வேலை நடைபெறுவதால் மிகுந்த வெளிச்சம் தேவை. பழைய குழல்விளக்குகள் ஒளியோடு வெப்பத்தையும் உமிழ்ந்தன. வெயில் மிகுந்த நாள்களில் தொழிலாளரின் வேலைத்திறன் குறைந்தது. மின்செலவைக் குறைக்கும் நோக்கில் பெங்களூருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள சில தொழிலகங்கள் எல்இடி விளக்குகளுக்கு மாறின. அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நைஷதம் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் இம்மாற்றத்தின் விளைவை ஆராய்ந்தனர். புதிய விளக்குகள் வெளியிட்ட வெப்பம் குறைவு; ஆதலால் வெயில் நாள்களில் ஏற்பட்டுவந்த திறன் இழப்பில் பெரும்பகுதி நீங்கியது. மின்கட்டணம் குறைந்ததோடு உற்பத்தியும் உயர்ந்தது.

விளக்கை மாற்றியவர்கள் ஊழியர் நலனை எண்ணி மாற்றவில்லை. ஆயினும், பணியிடத்தின் காற்றும் ஒளியும் வெப்பமும் வேலையோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை அம்மாற்றம் எடுத்துக்காட்டியது.

சலுகை அன்று, உரிமை

உழைப்போர் கேட்ட அடிப்படை வசதிகள் சலுகையாகத் தொடங்கி உரிமையாக வளர்ந்தவை. 1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பஞ்சாலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. அச்சங்கத்தை வளர்த்தவர்களுள் தமிழறிஞர் திரு.வி.க.வும் ஒருவர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீர், கழிப்பறை, ஓய்விடம், முதலுதவி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் கூறியது. கடைகளில் நாள் முழுவதும் நின்றே பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தமிழ்நாடு 2021இல் சட்டம் இயற்றியது.

அமர ஓர் இருக்கையும், அருந்த நீரும், குழந்தைக்குக் காப்பும் இல்லாத இடத்தில் பரிசும் பாராட்டும் பொருளற்றுப் போகும்.

கேட்கும் செவி

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பெங்களூருவின் முதன்மைச் சாலைகளில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர் திரண்டனர். வருங்கால வைப்புநிதியில் வேலையளிப்போர் செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்ற புதிய விதியே காரணம். பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்திற்கும் அத்தொகையை நம்பியிருந்த பெண்களுக்கு அவ்விதி பேரிடியாக இருந்தது. சில இடங்களில் வன்முறையும் நேர்ந்தது. இரண்டாம் நாளே மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. விதியை வகுத்தவர்கள் தொழிலக உரிமையாளர்கள் அல்லர். எனினும், உழைப்போரின் கவலையைக் கேட்பதற்கு உரிய வழி இல்லையேல் அது தெருவில் வெளிப்படும் என்ற பாடம் அனைவர்க்கும் பொதுவானது.

கேட்பதன் பயனை மற்றோர் ஆய்வும் உணர்த்தியது. இந்திய ஆடைத் தொழிலகங்கள் சிலவற்றில், எதிர்பார்த்த அளவுக்கு ஊதிய உயர்வு கிடைக்காத வேளையில், தொழிலாளர் சிலரிடம் மட்டும் பணிச்சூழல், மேற்பார்வையாளரின் நடத்தை, மனநிறைவு ஆகியன பற்றிப் பெயர் வெளியிடாமல் கருத்துக் கேட்கப்பட்டது. கேட்கப்படாதோரை விட, கேட்கப்பட்டோரிடையே வேலையை விட்டு நீங்குவதும் விடுப்பெடுப்பதும் குறைந்தன. ஊதியம் இருசாராருக்கும் ஒன்றே. எனினும், மனக்குறையைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே வேறுபாட்டை உண்டாக்கியது.

திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம், பணியைத் தக்கவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கூறுவதோடு நிற்கவில்லை. பணி செய்வோரின் நிலையை மன்னன் நாள்தோறும் ஆராய்ந்தறிய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுப்பதற்கும் நாள்தோறும் நலம் அறிவதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

பயிற்சியும் பங்கும்

பெங்களூருவின் ஐந்து ஆடைத் தொழிலகங்களில் பெண் தொழிலாளர்க்குச் சிறப்புப் பயிற்சி ஒன்று அளிக்கப்பட்டது. விரும்பியோருள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அதில் பங்கேற்றனர். தயக்கமின்றிப் பேசுதல், நேரத்தைத் திட்டமிடுதல், சிக்கலைத் தீர்த்தல், பணத்தைக் கையாளுதல் போன்றவை அங்குக் கற்பிக்கப்பட்டன. பயிற்சி பெற்றோரின் உற்பத்தித்திறன் மற்றவர்களுடையதை விட 13.5 விழுக்காடு மிகுந்திருந்தது என மேற்கூறிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பயிற்சி முடிந்த எட்டு மாதங்களில், செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனம் அசல் போக இரண்டரை ரூபாய்க்கு மேல் ஈட்டியது.

அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் பதிவு செய்தது. பயிற்சி பெற்ற பெண்களின் ஊதியம் உயர்ந்தது 0.5 விழுக்காடு மட்டுமே. திறன் வளர்ந்தது, தன்னம்பிக்கை வளர்ந்தது, நிறுவனத்தின் ஆதாயமும் வளர்ந்தது. ஆனால், அவ்வளர்ச்சியில் உழைத்தவருக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. ஊழியர் நலத்திட்டம் எதையும் மதிப்பிடும்போது இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நிறைவாக

மனநிறைவு என்பது மேலிருந்து வழங்கப்படும் பரிசுப்பொருள் அன்று. தாங்கத்தக்க வெப்பம், போதிய ஓய்வு, குழந்தையின் பாதுகாப்பு, அஞ்சாமல் குறையைச் சொல்லும் வாய்ப்பு, வளர்ச்சியில் நேரிய பங்கு ஆகியவை கூடுமிடத்தில் அது தானே விளையும். இவற்றைச் செய்யும் வேலையளிப்போர்க்குத் திறன்மிக்க உழைப்பும் நீங்காத ஊழியரும் வாய்ப்பர். பங்கு நேரியதாய் இல்லாதபோது, ஏனைய நான்கும் நிறுவனத்தின் ஆதாயக் கணக்கில் மட்டுமே சேரும்.

அருஞ்சொற்பொருள்

உமிழ்தல் – வெளிவிடுதல்
உருப்படி – தைத்து முடித்த பொருள்
காப்பு – பாதுகாப்பு
வருங்கால வைப்புநிதி – ஊழியரும் வேலையளிப்போரும் மாதந்தோறும் செலுத்தும் சேமிப்பு
விழுக்காடு – நூற்றில் பங்கு

மதிப்பீடு

1. தையல் வரிசையில் ஒருவரது சோர்வு மற்றவரை எவ்வாறு பாதிக்கிறது?
2. விளக்கு மாற்றத்தால் விளைந்த இரு நன்மைகளை எழுதுக.
3. 13.5, 0.5 ஆகிய இரு எண்களும் எவற்றைக் குறிக்கின்றன? இவ்வேறுபாடு முறையானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உம் பள்ளியில் பணிபுரியும் தூய்மைப் பணியாளர், காவலர், ஓட்டுநர் ஆகியோருள் ஒருவரிடம் உரையாடி, அவருடைய பணியிடத்தில் வேண்டும் மாற்றம் ஒன்றைக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.