எஞ்சின் மாறிய வண்டியும் வேகமானியும்

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் மோட்டார் வண்டியைப் பேணுவோருள் சிலர், அதன் பழைய 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினை நீக்கி, பிற்கால இசுசு எஞ்சினை அதற்குரிய 5 கியர்ப்பெட்டியோடு பூட்டுகின்றனர். அதன்பின் வேகமானி பிழைபடுமாயின் எஞ்சினையே பழிப்பர். அது பொருந்தாது. வேகமானி எஞ்சினை அறியாது. கியர்ப்பெட்டியின் பின்தண்டு சுழல்வதையே ஒரு பல்சக்கரமும் கேபிளும் வாயிலாக அறிகின்றது. கேபிள் சுழற்றும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்க, முள் நகர்கின்றது.

பிழையை அறிவது எங்ஙனம்? மணமேல்குடி வழிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிலோமீட்டர்க் கற்களே நமக்குப் போதும். 10 கிலோமீட்டர் சென்றபின் தூரமானி 8 என்று காட்டுகின்றது என்க. முள்ளை 60-இல் நிறுத்தி ஓட்ட, 1 கிலோமீட்டர் 60 விநாடிக்கு மாறாக 48 விநாடியில் கடக்குமாயின் உண்மை வேகம் 75 ஆம். இரண்டும் ஒரே விகிதத்தில் பிழைத்தலின் குற்றம் பல்சக்கரத்தினது, அன்றேல் அளவு மாறிய டயரினது. தூரம் சரியாயிருந்து முள் மட்டும் பிழைத்தால், காந்தமோ சுருள்வில்லோ பழுதெனக் கொள்க.

டயர் உரிய அளவினதாயின், கேபிளைச் சுழற்றும் 20 பற்சக்கரத்துக்கு ஈடாக 16 பற்சக்கரம் இடுதல் வேண்டும். அது பொருந்தாவிடின், கேபிளின் இடையே தக்க விகிதமுள்ள சிறு பல்சக்கரப்பெட்டி அமைக்கலாம்.

சிறாரும் ஆடுகளும் குறுக்கிடும் ஊர்ச்சாலையில், 75-ஐ 60 என்னும் முள்ளை நம்புதல் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். ஆதலின் எஞ்சின் மாற்றியவுடன் முதற்கண் கற்களை எண்ணுவோமாக.