வேனின் எரிபொருள் தொட்டி: மாற்றும் முறையும் காக்கும் முறையும்

எல்லைப் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவரில் வேன் இல்லாதவர் குறைவு. பாலக்காட்டுக்காரர்கள் வாளையாறு வழியாகக் கோவைக்கும், மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் போய்ச் சரக்கு எடுக்கிறோம். இடுக்கியில் இருக்கும் நம் சொந்தங்கள் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியிலும் மலை இறங்கி ஏறுகிறார்கள். எஞ்சினுக்கும் டயருக்கும் செலவு செய்யத் தயங்காத நாம், எரிபொருள் தொட்டியை மட்டும் அது ஒழுகும்வரை குனிந்து பார்ப்பதில்லை.

'டாங்க்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இது குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல் என்றும், போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்றும் அகராதிக்காரர்கள் சொல்வதுண்டு. நம் ஊர் ஏரிகளை வெள்ளைக்காரன் 'டாங்க்' என்றே எழுதி வைத்தான். தண்ணீருக்கு ஏற்பட்ட பெயர் பெட்ரோலுக்கு வந்ததாலோ என்னவோ, இதையும் குடத்தைப்போல ஓட்டை அடைத்தால் போதும் என்று நினைத்து விடுகிறோம்.

அப்படி நினைத்தவர்களில் நானும் ஒருவன். 1996இல் என் பழைய பெட்ரோல் வேனின் தொட்டி அடியில் துருப்பிடித்து ஒழுகியது. டிரைவர் சலவை சோப்பை அழுத்தி அடைத்து ஒரு வாரம் ஓட்டினார். பிறகு எல்லையோரத்து வர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனோம். "புது டாங்க் போட்டுடலாங்க" என்றார் மெக்கானிக். "எதுக்குங்க, வெல்டிங் வெச்சுக் குடுங்க போதும்" என்று சொன்னவன் நான். தொட்டியைக் கழற்றி, கழுவி, அரை நாள் வெயிலில் வைத்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பற்றவைக்க உட்கார்ந்தான். நான் டீக்கடையில் இருந்தேன். வெடிச்சத்தம் அங்கே கேட்டது. பையன் பிழைத்தான், வலது கண் போயிற்று. காலியான தொட்டி எப்படி வெடிக்கும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இது சம்பந்தமான புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு ஓர் அளவில் கலந்தால்தான் தீப்பிடிக்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தால் பற்றாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. நிறைய பெட்ரோல் உள்ள தொட்டியில், நம் ஊர் வெப்பத்தில், ஆவி இந்த மேல் எல்லையைத் தாண்டியே இருக்கும். காலி செய்த தொட்டிக்குள் வெளிக்காற்று புகுந்ததும் கலவை அந்த ஆபத்தான அளவுக்கு இறங்கி விடுகிறது. 40 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 1.4 சதவீதம் என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேலான ஆவி. இவ்வளவு ஆவி உண்டாக எத்தனை பெட்ரோல் வேண்டும்? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3 மில்லி வருகிறது. ஒரு டீஸ்பூன்கூட இல்லை! துருவின் இடுக்கிலும், அடியில் படிந்த பிசினிலும் அதைவிட அதிகம் ஒளிந்திருக்கும். கழுவிக் காயவைத்த தொட்டியிலும் வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாக வெளியே வரும்.

டீசல் என்றால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். சாதாரண வெப்பத்தில் அது பெட்ரோலைப்போல ஆவியாவதில்லை என்பது உண்மை. ஆனால் வெல்டிங் சூட்டில் அதுவும் ஆவியாகும். ஆகவே எந்தத் தொட்டியானாலும் நெருப்பு காட்டி ஒட்டுவதை ரோட்டோர வேலையாகச் செய்யக்கூடாது. நீராவி செலுத்தியும், எரியாத வாயு நிரப்பியும், கருவி வைத்து ஆவியை அளந்தும் செய்யும் இடங்கள் உண்டு. அந்தச் செலவுக்குப் புதுத் தொட்டியே வாங்கி விடலாம்.

அடுத்தது பெரிய தொட்டி ஆசை. கேரளத்தில் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் சேர்ந்த பிறகு, "தமிழ்நாட்டுலயே நிரப்பிக்கிற மாதிரி இன்னொரு டாங்க் வெச்சா என்ன?" என்று என்னிடமே மூன்று பேர் கேட்டார்கள். கடைக்காரன் கணக்காகவே பார்ப்போம். லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றே வையுங்கள். 40 லிட்டருக்கு 200 ரூபாய் மிச்சம். அதற்காக ஏறத்தாழ 33 கிலோ டீசலைப் போடிமெட்டு வளைவுகளில் சுமந்து ஏற வேண்டும். கம்பெனித் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். வண்டி திரும்பும்போது எண்ணெய் ஒரே பக்கம் பாயாமல் இருக்கவே அவை. தகரம் வளைத்துச் செய்யும் பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது. கொண்டை ஊசி வளைவில் எண்ணெய் ஒதுங்கிப்போனால் எஞ்சின் காற்றை உறிஞ்சி நின்றுவிடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியைக் கட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சட்டமும் இடம் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதே அளவில், அதே மாடலுக்கான தொட்டியைப் போடுவது ரிப்பேர். கூடுதல் தொட்டி வைப்பது மாற்றம். பிந்தியதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்துவிட்டு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இனி, மாற்றும் வேலை. தொட்டி குறைவாக இருக்கும் நாளில் செய்ய வேண்டும். வண்டி ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். வர்க்‌ஷாப் குழிமேல் வண்டியை நிறுத்த விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. குழியில் இறங்கித் தேங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. வயரில் தொங்கும் குண்டு பல்பும் வேண்டாம். உடைந்தால் அதுவே தீப்பொறி. மிச்ச எண்ணெயைக் கைப்பம்பால் மூடியுள்ள உலோகக் கேனில் இறக்க வேண்டும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம் டிரைவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போல நெஞ்சு வெந்துவிடும். பிளாஸ்டிக் வாளியும் ஆகாது. அதில் நிலைமின்சாரம் சேரும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

புதுத் தொட்டியோடு ரப்பர் ஓஸ்களையும் கிளாம்புகளையும் சேர்த்து மாற்றுங்கள். இதைக் கஞ்சத்தனத்தில் விட்டு விடுகிறோம். 2025 முதல் நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய வண்டிகளின் ரப்பரை ஊறவைத்து இளக்கக்கூடும், தண்ணீரையும் ஈர்க்கும். இடுக்கி மழையில் அரைத்தொட்டி எண்ணெயோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து நீராகும். நீர் அளவு மீறினால் எத்தனாலோடு பிரிந்து அடியில் போய்த் தங்கும். துரு எப்போதும் அடியில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் நிற்கப்போகும் வண்டியின் தொட்டியை நிறைத்து வைப்பது நல்லது.

மிதவை, பிரஷர் போகும் வென்ட் குழாய், ரிட்டன் குழாய், எர்த் வயர் நான்கும் பழைய இடத்திலேயே பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ராப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் உரசி ஓட்டை விழும். முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி அரைமணி பொறுத்து அடியில் பாருங்கள். பிறகு நிரப்பி, முதல் மலைப்பயணத்தில் பாதி வழியில் நிறுத்தி இன்னொரு தடவை பாருங்கள்.

கழற்றிய பழைய தொட்டி ஆக்கர்க் கடைக்குப் போகும். அங்கே கேஸ் வைத்து வெட்டுவார்கள். வெட்டுகிறவருக்கு அது எதற்கு இருந்தது என்று தெரிய வேண்டாமா? நான் அதன்மேல் 'பெட்ரோல்' என்று தமிழிலும் மலையாளத்திலும் சிவப்புப் பெயிண்டில் எழுதி, வாங்குகிறவரிடம் வாயாலும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.